உஷார்! நெஞ்சுக்குக் கரண்ட் வைத்தவர்கள் ஃபைலை மூடிவிடாதீர்கள்

சின்ன வயதில் கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி, அது ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று என்று தெரியவந்து, கீமோ ஏற்றி, நெஞ்சுப் பகுதிக்குக் கரண்டும் (ரேடியேஷன்) வைத்து, நல்லபடியாகக் குணமாகி வீடு திரும்பியவர் உங்கள் குடும்பத்தில் இருக்கிறாரா? அக்கா, தங்கை, மாமா பெண், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், யாராக இருந்தாலும் சரி, இதை அவரிடம் காட்டுங்கள். நீங்களேதான் அவர் என்றால், பரண் மேல் கிடக்கும் அந்தப் பழைய ஃபைலை இன்றைக்கே கீழே இறக்குங்கள்.

அவசரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ரேடியேஷன் அந்த நோயைக் கொன்றது உண்மை. அதே ரேடியேஷன் பட்ட மார்பகத்தில், நுரையீரலில், தைராய்டில், உணவுக்குழாயில், பல வருஷம் கழித்துப் புதிதாக இன்னொரு புற்றுநோய் வரலாம். பழைய லிம்போமா திரும்பி வருவதைப் பற்றி நான் பேசவில்லை. இது வேறு இடத்தில் வேறு செல்லில் தொடங்கும் வேறு நோய். இதில் மிகப் பயங்கரமான விஷயம் அது வருகிற நேரம். முதல் ஐந்து வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று ஓடி ஓடி செக்கப் செய்கிறோம். ஐந்து வருஷம் தாண்டியதும் “இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும்” என்கிறார்கள். பத்தாவது வருஷம் நாமே போவதை நிறுத்திவிடுகிறோம். திட வகைப் புற்றுநோய்களின் ஆபத்து தலைதூக்குவது ஏறக்குறைய அந்தப் பத்தாவது வருஷத்துக்குப் பிறகுதான். நாம் எந்த வாசலில் காவலை எடுக்கிறோமோ அந்த வாசல் வழியாகவே அது உள்ளே வருகிறது.

இது வெறும் பீதி இல்லை என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2003-ல் அந்த நாட்டுச் சுகாதாரத் துறை, 36 வயதுக்கு முன்பு உதரவிதானத்துக்கு மேலே ரேடியேஷன் வாங்கிய பெண்களைப் பழைய பதிவேடுகளிலிருந்து தேடிப் பிடித்து, கூப்பிட்டு உட்காரவைத்து, ஆபத்தைச் சொல்லி, மார்பகப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யும்படி புற்றுநோய் மையங்களைப் பணித்தது. பல வருஷங்களுக்கு முன்பே குணமாகி வீட்டுக்குப் போனவர்களை ஓர் அரசாங்கம் தானாக வலியப் போய் அழைத்தது. காரணம் இல்லாமல் எந்த அரசும் அப்படிச் செய்யாது. பிறகு அங்கே 1956-க்கும் 2003-க்கும் இடையே சிகிச்சை பெற்ற 5,002 பெண்களின் நிலையை ஆராய்ந்து 2012-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 373 பேருக்கு மார்பகப் புற்று வந்திருந்தது. சாதாரணமாக அதே வயதுப் பெண்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைப் போல அது 5 மடங்கு. 14 வயதில் ரேடியேஷன் பெற்றவர்களிடம் மட்டும் எடுத்துப் பார்த்தால் 47 மடங்கு. இளம் வயதில், 40 கிரே (கிரே என்பது ரேடியேஷன் டோஸின் அலகு) அல்லது அதற்கு மேல், கழுத்து, அக்குள், நெஞ்சு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பழைய ‘மேன்டில்’ முறையில் பெற்றவர்களை 40 வருஷம் பின்தொடர்ந்தால், ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அதாவது 48 சதவீதம் பேருக்கு, மார்பகப் புற்று வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

14 வயதுக்கு ஏன் இந்தக் கதி? அந்த வயதில்தான் மார்பகத் திசு வேகமாகப் பெருகி வளர்கிறது. பெருகும் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை ரேடியேஷன் அறுக்கிறது. புற்றுச் செல்களில் பெரும்பாலானவை அந்த அடி தாங்காமல் சாகின்றன. வைத்தியத்தின் அடிப்படையே அதுதான். ஆனால் பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களில் சில, அறுந்த இழையைத் தப்பும் தவறுமாக ஒட்டுப்போட்டுக்கொண்டு உயிர் பிழைத்துவிடுகின்றன. அந்தத் தவறு உடனே நோயாவதில்லை. மாதாமாதம் சூலகம் சுரக்கும் ஹார்மோன் அந்தச் செல்களை வளர்க்க வளர்க்க, பத்து, இருபது, முப்பது வருஷத்தில் தவறுக்கு மேல் தவறு சேர்ந்து ஒருநாள் கட்டியாகிறது. ஹார்மோனின் பங்கு எவ்வளவு என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு: சில கீமோ மருந்துகளால் சூலகம் சீக்கிரமே நின்றுபோன பெண்களுக்கு இந்த ஆபத்து குறைவாக இருக்கிறது. கரண்ட் மட்டும் வைத்து, மாதவிலக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்கள், “எனக்குப் பாதிப்பே இல்லை” என்று நிம்மதியாக இருந்தார்களே, அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அந்தக் காலத்து டாக்டர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 1950-ல் டொரான்டோவில் வேரா பீட்டர்ஸ், ரேடியேஷனால் இந்த நோயைக் குணப்படுத்தவே முடியும் என்று எடுத்துக்காட்டும்வரை, ஹாட்ஜ்கின் நோய் வந்தால் மரணம்தான் என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஹென்றி கேப்லன் 1956-ல் லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரத்தை வைத்தியத்துக்குக் கொண்டுவந்து, கழுத்து, காரை எலும்புக் குழி, இரண்டு அக்குள், நெஞ்சின் நடுப்பகுதி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் அடக்கும் அகலமான முறையை வளர்த்தெடுத்தார். அதுதான் மேன்டில். டோஸ் 40 கிரே, சில நேரம் 44. சாகவேண்டிய பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்று இந்த நோய் வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்றால் அதற்கு அந்த முன்னோடிகள்தான் காரணம். பிழைத்தவர்கள் முப்பது, நாற்பது வருஷம் வாழ்ந்ததால்தான் ரேடியேஷனின் நீண்டகால விலை என்னவென்றே உலகத்துக்குத் தெரியவந்தது. அந்த விலையைத் தெரிந்துகொண்ட பிறகும் சொல்லாமல் இருப்பதுதான் குற்றம்.

நம் ஊரிலும் இந்தக் கதை புதிதல்ல. சென்னை அடையாறில் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில் அந்தப் பத்தாண்டிலேயே கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. அப்படியென்றால் இளமையில் நெஞ்சுக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு, இப்போது நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் அதற்கு மேலும் இருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் “உங்களுக்கு மார்பக எம்.ஆர்.ஐ. வருஷா வருஷம் தேவை” என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

ஆண்கள் இதைப் படித்துவிட்டு “பெண்கள் பிரச்சினை” என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். நெதர்லாந்தில் 1965 முதல் 2000 வரை, 15 முதல் 50 வயதுக்குள் ஹாட்ஜ்கின் சிகிச்சை பெற்று, ஐந்து வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்த 3,905 ஆண்களையும் பெண்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். 2015-ல் வெளியான முடிவு: இரண்டாவது புற்றுநோய் பொதுமக்களைப் போல 4.6 மடங்கு. நாற்பது வருஷத்துக்குள் இரண்டாவது புற்றுநோயைச் சந்தித்தவர்கள் 48.5 சதவீதம். சிகிச்சை முடிந்து 35 வருஷம் கடந்தவர்களிடம்கூட ஆபத்து தணியவில்லை; அப்போதும் ஏறக்குறைய 4 மடங்காகவே நின்றது. “நான் பழைய காலத்து ஆள் இல்லை, எனக்குத் தொண்ணூறுகளில்தான் வைத்தியம் நடந்தது” என்று ஆறுதல் தேடுகிறவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது. 1989-க்குப் பிறகு சிகிச்சை பெற்றவர்களிடமும் மொத்த ஆபத்து முந்தையவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை.

ஆண்களுக்கு முதல் எச்சரிக்கை நுரையீரல். நெஞ்சுக்கு ரேடியேஷன் வாங்கியவர் பீடியோ சிகரெட்டோ பிடித்தால் இரண்டு ஆபத்தும் வெறுமனே கூடுவதில்லை, ஒன்றை ஒன்று பெருக்குகிறது. இதில் விட்டுக்கொடுத்துப் பேச எனக்கு மனமில்லை: கரண்ட் வைத்த நெஞ்சுக்குள் புகையை இழுக்கவே கூடாது, ஒன்றுகூட. வீட்டில் மற்றவர்கள் பிடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். வயிற்றுப் பகுதிக்கும் ரேடியேஷன் போயிருந்தால் இரைப்பை, பெருங்குடல் இரண்டையும் யோசிக்க வேண்டும். கூடவே புரோகார்பசின் என்ற மருந்தும் ஏறியிருந்தால் இரைப்பைப் புற்றின் ஆபத்து இன்னும் ஏறுகிறது. வயிற்றில் ரேடியேஷன் பட்டவர்களுக்குப் பெருங்குடல் பரிசோதனையை மற்றவர்களைவிட வெகு முன்பே, 30 வயதிலேயே தொடங்கச் சொல்கின்றன அமெரிக்காவின் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்த வழிமுறைகள். கரண்ட் வைத்த இடத்துத் தோலில் ஆறாத புண், புது மச்சம் வந்தால் காட்டிவிட வேண்டும். கழுத்தில் தைராய்டை வருஷம் ஒருமுறை டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். இதயமும் ரேடியேஷன் பாதையில்தான் இருந்தது என்பதால் மூச்சு வாங்கினாலோ படி ஏறும்போது நெஞ்சை அடைத்தாலோ “கேஸ்” என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது.

மார்பகத்துக்குத் திரும்பி வருகிறேன். இங்கேதான் ஆபத்தும் பெரிது, செய்யக்கூடியதும் நிறைய. பத்து வயது முதல் முப்பதுகளின் நடுப்பகுதி வரை நெஞ்சில் ரேடியேஷன் வாங்கிய பெண், சிகிச்சை முடிந்து 8 வருஷம் ஆனதும், அல்லது 25 வயதில், இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதிலிருந்து வருஷம் தவறாமல் மார்பகப் பரிசோதனைக்குப் போக வேண்டும். 16 வயதில் வைத்தியம் முடிந்தவருக்கு 25-ல் ஆரம்பம். 24-ல் முடிந்தவருக்கு 32-ல் ஆரம்பம். நம் ஊர் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பேக்கேஜில் மேமோகிராம் நாற்பதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள், எம்.ஆர்.ஐ. இருக்கவே இருக்காது. அந்த அட்டவணையை நம்பினால் பத்துப் பதினைந்து வருஷத்தைக் கோட்டைவிட்டுவிடுவோம். பரம்பரையாக பி.ஆர்.சி.ஏ.1 மரபணுக் கோளாறு உள்ள பெண்ணுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று வர எவ்வளவு வாய்ப்போ, சிறுவயதில் நெஞ்சுக்கு ரேடியேஷன் வாங்கியவருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு, ஏறக்குறைய 30 சதவீதம், என்று 2014-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்த மரபணு உள்ளவரை எவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்களோ, அதே கவனம் இவருக்கும் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. மட்டும் போதுமா, மேமோகிராம் மட்டும் போதுமா என்று கேட்பார்கள். இரண்டும் வேண்டும். ஹாட்ஜ்கினிலிருந்து மீண்ட 148 பெண்களிடம் இரண்டையும் செய்து பார்த்தார்கள். இருந்த நோயில் மேமோகிராம் தனியாகப் பிடித்தது 68 சதவீதம், எம்.ஆர்.ஐ. தனியாகப் பிடித்தது 67 சதவீதம். இரண்டும் சேர்ந்தபோது 94. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியானது, மேமோகிராமில் வெள்ளையாகவே தெரிந்து கட்டியை மறைக்கும், அங்கே எம்.ஆர்.ஐ. கைகொடுக்கிறது. பால்நாளத்துக்குள்ளேயே இருக்கும் மிக ஆரம்ப நிலை நோய், பொடிப்பொடிச் சுண்ணாம்புத் துகளாகத் தெரியும். அது மேமோகிராமுக்குத்தான் அகப்படும்.

“ஏற்கெனவே ரேடியேஷனால்தான் இந்த வினை, இன்னும் மேமோகிராம் எடுத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளவா?” என்று பயந்து ஒதுங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். பயம் நியாயமானது, கணக்கு வேறு. 40 கிரே என்பது 40,000 மில்லி கிரே. ஒரு மேமோகிராமில் மார்பகத்துக்குப் போவது சில மில்லி கிரே. எம்.ஆர்.ஐ.-யில் அந்த வகைக் கதிரே கிடையாது. இந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப் போடுவது தற்கொலைக்குச் சமம்.

இவர்களுக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது மற்றவர்களைவிட ஏன் பல மடங்கு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு நெஞ்சுக்கு ரேடியேஷன் வாங்காத பெண்ணுக்கு மார்பகப் புற்று வந்தால், கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதி மார்பகத்துக்கு ரேடியேஷன் கொடுத்துக் காப்பாற்றலாம். இவருக்கு அந்த இடம் ஏற்கெனவே ரேடியேஷன் வாங்கிவிட்டது. மறுபடி கொடுக்கப் பல நேரம் வழியிருக்காது; மார்பகம் முழுவதையும் எடுக்க வேண்டி வரும். கீமோவிலும் அதே சிக்கல். ஹாட்ஜ்கினுக்குக் கொடுக்கும் ஏ.பி.வி.டி. மருந்துத் தொகுப்பில் டாக்ஸோரூபிசின் இருக்கிறது. இதயம் தாங்கும் வாழ்நாள் அளவு அந்த மருந்துக்கு ஒரு சதுர மீட்டர் உடல்பரப்புக்குச் சுமார் 450 முதல் 550 மில்லி கிராம். ஆறு சுற்று ஏ.பி.வி.டி. முடித்தவர் அதில் 300-ஐ ஏற்கெனவே செலவழித்துவிட்டார். நெஞ்சில் ரேடியேஷனும் பட்டிருந்தால் இதயம் தாங்குவது இன்னும் குறைவு. மார்பகப் புற்றுக்கும் டாக்டர்கள் எடுக்கிற முக்கிய ஆயுதங்களில் ஒன்று அதே டாக்ஸோரூபிசின். கையில் ஆயுதம் குறைவாக இருக்கிறவர், எதிரி சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டாமா?

நம் வீடுகளில் இதற்குக் குறுக்கே நிற்கும் பெரிய சுவர் மறைத்தல். பதினேழு வயதுப் பெண்ணுக்கு லிம்போமா வந்து குணமானால், அடுத்த வேலையாகக் குடும்பம் அதை மறக்கடிக்கப் பார்க்கிறது. கல்யாணம் நின்றுவிடுமே என்ற பயம். மாப்பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. ஃபைலை அம்மா வீட்டிலேயே பீரோவுக்குள் பூட்டிவிடுகிறார்கள். புகுந்த வீட்டுக்குப் போனவள் எந்தக் காரணத்தைச் சொல்லி வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ. எடுப்பாள்? முப்பது வயதில் மார்பில் கட்டி தட்டுப்பட்டால், குழந்தை பெற்ற பெண் என்பதால் “பால் கட்டி” என்று வீட்டில் சொல்கிறார்கள். டாக்டரிடம் போனாலும் பழைய கதையைச் சொல்லாவிட்டால், அந்த வயதுக்கு ஃபைப்ரோஅடினோமாதான் அதிகம் என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. “எனக்குப் பதினேழு வயதில் நெஞ்சில் ரேடியேஷன் கொடுத்திருக்கிறார்கள்” என்ற ஒரு வாக்கியம் வந்துவிட்டால், அதே டாக்டர் அன்றைக்கே ஸ்கேனுக்கும் ஊசி வைத்துச் சதைப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுப்பார். தாய்மார்களே, உங்கள் பெண்ணின் கல்யாணத்துக்காக அவள் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். புருஷனிடம் சொல்லும்போது, இது தொற்றுநோய் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்போது சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு “எங்களுக்குக் கரண்ட் வேண்டாம்” என்று எழுந்து வந்துவிடாதீர்கள். அது இதைவிடப் பெரிய ஆபத்து. மேலே சொன்ன எண்கள் எல்லாம் பெரும்பாலும் அகலமான பழைய முறையின் எண்கள். இப்போது நோய் இருந்த இடத்துக்கு மட்டும், பெரும்பாலும் 20 முதல் 30 கிரே வரைதான் கொடுக்கிறார்கள். அக்குளை விட்டுவிட்டு நடு நெஞ்சுக்கு மட்டும் கொடுத்தாலே மார்பகப் புற்று ஆபத்து கணிசமாக இறங்கியதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009-லேயே காட்டினார்கள். அதே டோஸில் மேன்டில் முறையின் ஆபத்து அதைப் போல 2.7 மடங்கு. ஆரம்ப நிலையில், பெட் ஸ்கேன் சுத்தமாக வந்தவர்களுக்கு ரேடியேஷனை விட்டுவிடலாமா என்று பிரிட்டனில் ஒரு பரிசோதனை நடந்தது. மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ரேடியேஷன் வாங்கியவர்களில் 94.6 சதவீதம், வாங்காதவர்களில் 90.8. ஏறக்குறைய நான்கு சதவீதமான இந்த வித்தியாசத்தையும் நாளைய ஆபத்தையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியது நோயாளியின் வயது, ஆணா பெண்ணா, கட்டி எங்கே, எவ்வளவு பெரிது என்பதை வைத்துத்தான். டாக்டரிடம் கேளுங்கள்: மார்பகத்துக்கும் இதயத்துக்கும் எவ்வளவு கிரே போகும்? மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொடுக்கும் முறை இங்கே உண்டா? கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

முடித்துவிட்டவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, ரேடியேஷன் சம்மரியை வாங்குவது. டிஸ்சார்ஜ் தாளில் “ரேடியோதெரபி கொடுக்கப்பட்டது” என்ற ஒரு வரி மட்டும் இருந்தால் போதாது. எந்தெந்தப் பகுதிக்கு, மொத்தம் எத்தனை கிரே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கூடவே எந்தெந்தக் கீமோ மருந்து மொத்தம் எவ்வளவு ஏறியது என்று தெளிவாக இருக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகள், உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருந்தால் போதும் என்கின்றன. அதற்குப் பிறகு அந்தக் காகிதம் இருப்பதும் இல்லாததும் அந்தந்த மருத்துவமனையின் மனதைப் பொறுத்தது. அதே விதிகள், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். வந்ததும் மூன்று நகல் எடுங்கள், போனில் படம் பிடித்துக் கணவருக்கோ மகனுக்கோ அனுப்பி வையுங்கள்.

காகிதமே கிடைக்காவிட்டாலும் சும்மா இருந்துவிடாதீர்கள். எந்த வருஷம், எந்த மருத்துவமனை, எத்தனை வாரம் கரண்ட் வைத்தார்கள் என்று நினைவில் இருப்பதை அம்மா அப்பா இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். பலருக்குக் கதிரின் இடத்தைக் குறிக்க நெஞ்சிலும் பக்கவாட்டிலும் பச்சைப் புள்ளி குத்தியிருப்பார்கள். அது இன்னும் இருக்கும். அந்தப் புள்ளிகளையும், கரண்ட் பட்ட இடத்தில் நிறம் மாறிய தோலையும், பழைய எக்ஸ்ரே இருந்தால் அதையும் ஒரு ரேடியேஷன் ஆன்காலஜி டாக்டரிடம் காட்டினால், மார்பகமும் இதயமும் பாதையில் இருந்ததா என்று பெரும்பாலும் அவரால் கணித்துச் சொல்லிவிட முடியும். ‘இருந்திருக்கலாம்’ என்று அவர் சொன்னால், இருந்ததாகவே வைத்துக்கொண்டு இந்த மாதமே முதல் எம்.ஆர்.ஐ.-க்குத் தேதி வாங்கிவிடுங்கள்.